கப்பல் பயணத்தில் காசை எங்கே விடுகிறோம்?

போன மாதம் பாலக்காடு பக்கம் எங்கள் கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் பக்கத்து வீட்டுப் பையன் போனை நீட்டினான். சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நாலு ராத்திரி கப்பல். "கல்யாணத்துக்கப்புறம் முதல் டூருங்ணா. சல்லிசா முடிச்சுட்டேன்" என்றான். டிக்கெட்டைப் பார்த்தேன். கொச்சியில் ராத்திரி ஏறினால் விடியக்காலை சிங்கப்பூர், அன்று சாயங்காலமே கப்பல். ஒரு காலத்தில் நான் போட்ட அதே கணக்கு. வயிற்றைப் பிசைந்தது.

பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்கணும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விடுகிறேன்.

கப்பல் கிளம்பும் நாளிலேயே போய் இறங்குவது

2018. நாங்கள் நாலு பேர். முந்தின நாளே போனால் ஓட்டலுக்குப் பதினெட்டாயிரம் ஆகும். எதற்கு? காலை ஆறரைக்கு விமானம் இறங்குகிறது, கப்பல் ஐந்து மணிக்கு. பத்து மணி நேரம் கையில் இருக்கிறதே! மிச்சம் பிடித்துவிட்டேன் என்று வீட்டில் பெருமை வேறு.

கொச்சி விமான நிலையம் போகும் வழியில், திருச்சூருக்கு முன்னால் குதிரான் மலையில் மாட்டினோம். அப்போது சுரங்கப்பாதை திறக்கவில்லை. மலை ஏற்றத்தில் ஒரு லாரி குறுக்கே நின்று, ரெண்டு பக்கமும் பிளாக். முன்னால் நின்ற வைக்கோல் வண்டி டிரைவர் இறங்கி, லுங்கியை மடித்துக் கட்டி, ரோட்டோரம் துண்டை விரித்துப் படுத்தார். அதைப் பார்த்ததும் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மணி நேரம். நெடும்பாசேரி விமான நிலையம் போனபோது கவுன்டரை மூடிவிட்டார்கள். அடுத்த நேர் விமானம் மறுநாள் ராத்திரிதான்.

பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ். கப்பலில் அந்தக் கதை நடக்காது. கிளம்ப ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே ஆள் ஏற்றுவதை நிறுத்தி, பயணிகள் பட்டியலை முடித்துவிடுவார்கள். அப்புறம் வாசலில் நின்று அழுதாலும் பிரயோஜனம் இல்லை. "பினாங்கில் போய் ஏறிக்கலாமே" என்று மச்சான் யோசனை சொன்னார். அதற்குத் தனி விமானம் வேண்டும், அப்போது அந்த நாட்டு விசாவும் வேண்டியிருந்தது, கப்பல் கம்பெனியும் சம்மதிக்க வேண்டும். ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய் போயே போச்சு. ரோட்டு பிளாக்குக்கெல்லாம் எங்கள் இன்சூரன்ஸில் இடமில்லை என்று அப்புறம்தான் படித்தேன்.

"இப்பத்தான் டன்னல் வந்துருச்சேங்ணா" என்கிறான் பையன். வந்தது, 2021இல் ஒன்று, 2022 ஜனவரியில் இன்னொன்று. ஆனால் ரோடு குதிரானோடு முடிகிறதா? மண்ணுத்தி தாண்டி இடப்பள்ளி வரைக்கும் நெரிசல் தாங்காமல், 2025 ஆகஸ்டில் கேரள உயர்நீதிமன்றம் பாலியேக்கரை டோலில் வசூலையே நிறுத்தி வைத்தது. நெடும்பாசேரிக்கு நாம் போவதும் அதே ரோடுதான். அதையும் தாண்டினால் விமானம் தாமதம், மழை. ஒரு நாள் முன்னாலேயே போய், சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா பக்கம் சின்ன ரூமாக எடுத்துத் தூங்குங்கள். அந்த ரூம் வாடகையையும் கப்பல் டிக்கெட்டோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். விமான டிக்கெட்டை மாற்ற ஏழாயிரம் கேட்கிறார்கள் என்று பையன் முகம் சுளித்தான். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

விளம்பர விலை

"ஆளுக்கு இவ்வளவு" என்பது ஒரு அறையில் ரெண்டு பேர் தங்கினால். தனியாகப் போனால் பெரும்பாலும் ரெண்டு பேர் காசுதான். அதற்கு மேல் துறைமுக வரி. டிப்ஸ் என்றதும் மேசையில் நாம் இஷ்டப்பட்டு வைப்பது என்று நினைத்திருந்தேன். பல கப்பல்களில் அது தலைக்கு இவ்வளவு என்று தினமும் அறைக் கணக்கில் ஏறுகிறது, பிள்ளைகளுக்கும் சேர்த்து, டாலரில். பஃபேயும் பெரிய சாப்பாட்டுக்கூடமும் டிக்கெட்டில் அடக்கம். பெயர்ப்பலகை மின்னும் தனி ரெஸ்டாரன்ட் அடக்கமில்லை.

பால்கனி அறை

வேண்டாம். படுக்க மட்டும்தான் அறைக்குப் போவீர்கள்.

போன்

கரையை விட்டதும் ஏரோபிளேன் மோடு. கப்பலுக்குள் சாட்டிலைட் நெட்வொர்க் ஓடும். சாதாரண ரோமிங் பேக்கை நம்பி வாட்ஸ்அப் திறந்தால் ஊர் வந்த பிறகு பில் வரும்.

விசா

சிங்கப்பூரை விட்டுக் கிளம்பித் திரும்பி வந்தால் அது இரண்டாவது நுழைவு. ஒற்றை நுழைவு விசாவோடு ஏறாதீர்கள்.

கரையில் கடிகாரம்

தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், புக்கெட்டில் உங்கள் போன் நாலு மணி காட்டும்போது கப்பலில் ஐந்து. அங்கே படோங் கரையில் பெரிய கப்பல் கடலிலேயே நங்கூரம் போடும், சின்னப் படகில்தான் திரும்பணும், அதற்கும் வரிசை. கப்பல் கம்பெனியே கூட்டிப் போகும் சுற்றுலா தாமதமானால் காத்திருப்பார்கள். நீங்களாக டாக்சி பிடித்துப் போனால் காத்திருக்க மாட்டார்கள். கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போங்கள், கப்பல் நேரத்தில்.

சமையல் சாமான்

புளியோதரைப் பொட்டலம் கப்பல் வாசலோடு சரி. பாக்கெட் பிரிக்காத முறுக்கு என்றால் விடுவார்கள். வீட்டு மசாலாப் பொடியைச் சிங்கப்பூருக்கு எடுத்துப் போகவே போகாதீர்கள். அதில் கசகசா இருந்தால் அந்த ஊரில் தடை செய்த பொருள். இஸ்திரிப் பெட்டி, கெட்டில் எல்லாம் தீப்பயத்தில் பிடுங்கி வைப்பார்கள். 2018இல் கோட்டை விட்டதற்கு அடுத்த வருடம் ஒருவழியாகக் கப்பல் ஏறியபோது எங்கள் கெட்டிலும் அப்படித்தான் போனது. இறங்கும் அன்று சீட்டைக் காட்டி வாங்கினோம். எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற ஏழு பேர் கையிலும் கெட்டில்.