ஐ.டி.ஐ.யில் சேரும் பிள்ளைக்கு யார் செலவு செய்கிறார்கள், எதை எங்கே கேட்பது

அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில், அதாவது ஐ.டி.ஐ.யில், இருபது வருடம் பிட்டர் டிரேடில் (தொழிற்பிரிவில்) பயிற்றுநராக இருந்தேன். சேர்க்கை தொடங்கியதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி: "சார், மொத்தம் எவ்வளவு ஆகும்?" தமிழ்நாட்டில் அரசு ஐ.டி.ஐ. என்றால் பயிற்சிக் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, ஷூ, பாடப்புத்தகம், சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் மாநில அரசு தருகிறது. அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளையா? புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. இந்தப் பணம் வந்து சேர, ஐ.டி.ஐ.யில் சேருவதற்கு முன்பே ஆதார் இணைத்த வங்கிக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள்.

முதல் சில மாதம் பிள்ளைகள் இரும்புத் துண்டை வைஸில் கட்டி ஃபைல் போட்டுக்கொண்டே இருப்பார்கள். செங்கோணம் பார்க்கும் டிரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கில் ஒளிக்கோடு தெரியக் கூடாது. தெரிந்தால் மறுபடியும் ஃபைல்தான். அந்தத் துண்டும் ஃபைலும் பயிற்றுநர் சம்பளமும் மாநில அரசின் பணம். பாடத்திட்டம், அகில இந்தியத் தேர்வு, என்.டி.சி. என்ற தேசியத் தொழிற்சான்றிதழ் மூன்றும் மத்திய அரசின் பயிற்சி இயக்குநரகம் பார்த்துக்கொள்ளும். அதனால் தனியார் ஐ.டி.ஐ.யில் சேர்ப்பவர்கள், கேட்கும் டிரேடுக்கே அந்த இயக்குநரகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம். வருகைப்பதிவு 80 சதவீதம் இல்லையென்றால் தேர்வெழுத முடியாது.

அப்புறம் அப்ரண்டிஸ், அதாவது நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே கற்கும் தொழில் பழகுநர் பயிற்சி. என்னைக் கேட்டால் பாதிப் படிப்பு அங்கேதான். 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். உதவித்தொகையை நிறுவனம் தரும். 2016-இல் வந்த திட்டத்தில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை மத்திய அரசு ஏற்கிறது. முடித்துத் தேறினால் என்.ஏ.சி. என்ற தேசியத் தொழில் பழகுநர் சான்றிதழ். ரயில்வேயின் லெவல் 1 (முன்பு குரூப் டி) வேலையில், ரயில்வேயிலேயே அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு 20 சதவீத இடம் இருக்கிறது.

என்னிடம் படித்த ஒரு பையன் ஒரு வருடம் முழுக்க ஒரு கம்பெனியில் உழைத்தான். அவர்கள் ஒப்பந்தத்தைப் பதிவே செய்யவில்லை. என்.ஏ.சி. கிடைக்கவில்லை, அந்த வருடம் அப்படியே போயிற்று. இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை. சேர்ந்த முதல் வாரமே அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டலில் பிள்ளையின் கணக்கைத் திறந்து, ஒப்பந்தம் ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏறவில்லையென்றால் அன்றைக்கே ஐ.டி.ஐ. முதல்வரிடம் போய்ச் சொல்லுங்கள்.