ராத்தலா, கிலோவா: ட்ரையர் தகட்டைப் படிக்கும் கணக்கு

குன்னூருக்குக் கீழே ஒரு டீ ஃபாக்டரியில் இருபத்தாறு வருடம் இருந்தேன். சேர்ந்த முதல் மாதமே ஒரு ட்ரையர் நிறைய டீயைக் கெடுத்தேன். ட்ரையர் என்பது இலையைச் சுடுகாற்றில் உலர்த்தும் மெஷின். எங்களுடையது பழசு. பித்தளைத் தகட்டில் மணிக்கு 480 என்று பொறித்திருந்தது. பக்கத்தில் இருந்த அலகு தேய்ந்து, மேலே பெயின்ட் வேறு பூசியிருந்தார்கள். கிலோதான் என்று நினைத்து இலையைத் தாராளமாக விட்டேன். வெளியே வந்த தூளை டீ மேக்கர், அதாவது டீ தயாரிப்பைக் கவனிப்பவர், விரலுக்கிடையில் வைத்து அழுத்தினார். நொறுங்கவில்லை, நசுங்கியது. "இது ராத்தல் காலத்து மெஷின்ப்பா" என்றார். திட்டக்கூட இல்லை, அதுதான் ரொம்ப நாள் உறுத்தியது.

480 ராத்தல் என்றால் 218 கிலோ. நான் அந்த மெஷினிடம் கேட்டது இரண்டு மடங்குக்கும் மேல்.

ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு எடை கடந்து போகிறது என்பதைப் பாடப்புத்தகம் நிறை ஓட்ட வீதம் என்கிறது. அதில் எடை ஒன்று, நேரம் ஒன்று. இரண்டையும் தனித்தனியாக மாற்றுங்கள். ஒரே மூச்சில் மாற்றப் போனால்தான் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்து வைப்போம்.

முதலில் எடை. ஒரு ராத்தல், அதாவது பவுண்டு, 0.4536 கிலோ. கால்குலேட்டர் கையில் இல்லையா? பாதியாக்கி, அந்தப் பாதியில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 480-க்குப் பாதி 240, அதில் 24 போனால் 216. சரியான விடை 217.7. ட்ரையர் பக்கத்தில் நின்று பேச இது போதும், பதிவேட்டில் எழுத மட்டும் 0.4536-ஆல் பெருக்குங்கள். டன் என்று இருந்தால் உஷார். நம்முடையது 1000 கிலோ, பழைய இங்கிலாந்து டன் 1016 கிலோ, அமெரிக்க டன் 907 கிலோ. 1956-ல் சட்டம் வந்து நாம் மெட்ரிக்குக்கு மாறினோம். அது பித்தளைத் தகட்டுக்குத் தெரியாதே.

அப்புறம் நேரம். மணிக்கு இவ்வளவு என்பதை வினாடிக்கு மாற்ற 3600-ஆல் வகுக்க வேண்டும், நிமிடத்துக்கு என்றால் 60-ஆல். பாய்லரில் மணிக்கு 2 டன் நீராவி என்று போட்டிருந்தால் 2000-ஐ 3600-ஆல் வகுக்க, வினாடிக்கு 0.556 கிலோ. டன்னிலிருந்து நேராகப் போக 3.6-ஆல் வகுத்தால் ஆயிற்று. வினாடிக் கணக்கு எப்போதும் மணிக் கணக்கைவிடச் சின்ன எண்ணாக வரும். பெரிதாக வந்தால் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள்.

தகடே இல்லாத மெஷினுக்கு வாளிதான் வழி. ட்ரையர் வாயில் 15 வினாடி பிடித்தோம், 1.05 கிலோ. மணிக்கு எவ்வளவு? ஒரு மணியில் 240 பதினைந்து வினாடிகள். 1.05 பெருக்கல் 240, ஆக 252 கிலோ. கணக்கு சுலபம், ஆனால் பிழையும் சேர்ந்து பெருகும். தராசில் 50 கிராம் தவறினால் விடையில் 12 கிலோ தவறும். அதனால் நான் ஒரு முழு நிமிடம் பிடிப்பேன், மூன்று தடவை, இடையில் கொஞ்ச நேரம் விட்டு. சின்னப் பையன்கள் இதற்கு முனகுவார்கள், முனகட்டும்.

இனி மலைக்காரர்கள் எல்லோரும் வழுக்கி விழும் இடம். இலை வாட்டும் ட்ரஃப், அதாவது நீளத் தொட்டி, அதன் ஃபேனில் 10,000 சி.எஃப்.எம். என்று இருக்கும். நிமிடத்துக்கு இத்தனை கன அடி. அது எடையே அல்ல, கொள்ளளவு. ஒரு கன அடி 0.0283 கன மீட்டர், ஆகவே நிமிடத்துக்கு 283 கன மீட்டர் காற்று. இதை எடையாக்க அடர்த்தியால் பெருக்க வேண்டும். 20 டிகிரியில் கடற்கரை ஊரில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ. குன்னூர் ஏறக்குறைய 1850 மீட்டர் உயரம், அதே 20 டிகிரியில் இங்கே 0.96 கிலோதான். கீழே அந்த ஃபேன் தள்ளுவது நிமிடத்துக்கு 340 கிலோ, வினாடிக்கு 5.66. இங்கே 272 கிலோ, வினாடிக்கு 4.53. அதே ஃபேன், அதே சுற்று, ஐந்தில் ஒரு பங்கு காற்று காணோம்! சுடுகாற்று ட்ரையருக்கும் இதே கதைதான், காற்று சுமந்து வரும் சூடு அதன் எடையைப் பொறுத்தது. அங்கே காற்றின் சூட்டுக்கேற்ற அடர்த்தியைப் போட வேண்டும், 0.96 செல்லாது.

லிட்டருக்கும் இப்படித்தான். தண்ணீர் மணிக்கு 1000 லிட்டர் என்றால் 1000 கிலோ என்று தைரியமாக எழுதலாம். டீசலை அப்படி எழுதாதீர்கள், லிட்டர் 0.83 கிலோ பக்கம்தான் வரும்.

கோயம்புத்தூரிலிருந்து ஃபேன் வரவழைக்கும்போது சி.எஃப்.எம்.மை மட்டும் சொல்லி ஆர்டர் போடாமல், எங்களுக்கு வினாடிக்கு இத்தனை கிலோ காற்று வேண்டும், உயரம் 1850 மீட்டர் என்று இரண்டையும் எழுதிக் கொடுங்கள். ஃபேன் அளவும் மோட்டார் அளவும் அதை வைத்துத்தான் முடிவாகும்.