கிளெஸ்மர் வயலின்: அந்த விம்மலை வரவழைப்பது எப்படி

கிழக்கு ஐரோப்பாவில் இத்திஷ் மொழி பேசிய யூதர்களின் கல்யாண வாத்திய இசைதான் கிளெஸ்மர். ஹீப்ருவில் ‘க்ளே ஸெமெர்’ என்றால் இசைக் கருவிகள். பிறகு அதுவே வாசிப்பவருக்கும் பெயரானது. முகூர்த்தத்துக்கு முன் மணமகளை நாற்காலியில் உட்கார வைப்பார்கள். பத்கன் என்பவர் எதுகை வைத்துப் பாடி அவளை அழ வைப்பார். அவர் ஒவ்வொரு அடியை முடிக்கும்போதும் வயலின் பதில் சொல்லும். அதே வயலின்தான் சற்று நேரத்தில் ஊரையே ஆட வைக்க வேண்டும். இந்த இசையின் ஈர்ப்பு இந்த இரட்டை வேலையில் இருக்கிறது. அமெரிக்காவில் 1920களில் கிளாரினெட் முன்னுக்கு வந்துவிட்டது. அதற்கு முன் குழுவின் தலைமை வயலினிடம்தான்.

புதிதாகக் கற்பவர்கள் முதலில் தேடுவது சுரவரிசையை. அது வேண்டியதுதான், ஆனால் சுலபமான பகுதி அது. சுரம் முடியும் இடத்தில் விரலும் வில்லும் என்ன செய்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சுரவரிசை: வகுளாபரணம் மாதிரி, ஆனால் அது அல்ல

முக்கியமான வரிசைக்கு ஃப்ரெய்கிஷ் என்று பெயர். டி-யிலிருந்து எடுத்தால் டி, ஈ ஃப்ளாட், எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி ஃப்ளாட், சி (ஃப்ளாட் என்றால் அரைச் சுரம் கீழே, ஷார்ப் என்றால் அரைச் சுரம் மேலே). கர்நாடக இசை தெரிந்தவருக்கு இது 14ஆவது மேளமான வகுளாபரணத்தின் சுரங்கள். ஒரு வித்தியாசம் உண்டு: மெட்டு ஆதார சுரத்துக்குக் கீழே இறங்கும்போது பி ஃப்ளாட் பெரும்பாலும் வெறும் பி ஆகிவிடும். கீழே பி, சி, டி என்று ஏறி முடியும் அந்தத் துணுக்கைக் கேட்டாலே இது வேறு ஊர் என்று தெரியும்.

டி தந்தியில் முதல் விரல் வயலினின் தலைப் பக்கம் நெருங்கி ஈ ஃப்ளாட்டில், இரண்டாம் விரல் நன்றாக விலகி எஃப் ஷார்ப்பில், மூன்றாம் விரல் அதை ஒட்டி ஜி-யில். ஏ தந்தியில் முதல் இரண்டு விரல்களும் தாழ்ந்து பி ஃப்ளாட், சி, மூன்றாவது டி. அபசுரம் விழும் இடம் எப்போதும் ஒன்றுதான். முதல் விரல் பின்னால் போனதும் இரண்டாவதும் கூடவே இழுபட்டு எஃப் ஷார்ப் இறங்கிவிடும். முதலில் ஜி-யைப் பிடித்து, திறந்த ஜி தந்தியோடு சேர்த்து மீட்டிச் சரிபாருங்கள். பிறகு எஃப் ஷார்ப்பை அந்த மூன்றாம் விரலோடு ஒட்டி வையுங்கள். மேலிருந்து அளந்தால் தவறாது.

இன்னொரு வரிசை மி ஷெபேராக்: டி, ஈ, எஃப், ஜி ஷார்ப், ஏ, பி, சி. இது ஹேமவதியின் சுரங்கள். இங்கே பெரிய இடைவெளி இரண்டாம், மூன்றாம் விரல்களுக்கு நடுவே வரும்.

ஸ-ப-ஸ-ப என்று சுருதி கூட்டிய வயலினிலும் ஃப்ரெய்கிஷ் வாசிக்கலாம், தடையில்லை. பழைய ஒலிப்பதிவுகளோடு சேர்ந்து வாசிக்க வேண்டுமானால் ஜி-டி-ஏ-ஈ கூட்டுவது நல்லது. தளர்த்தியே வைத்திருந்த மேல் தந்தியை ஒரேயடியாக ஈ வரை முறுக்காதீர்கள், அறுந்துவிடும். அந்த 78 சுழற்சி இசைத்தட்டுகளில் சுருதி அரைச் சுரம் கூடியோ குறைந்தோ இருப்பதும் சகஜம். தந்தியை மாற்றாமல் ஒலிப்பதிவைச் செயலியில் ஏற்றி இறக்குங்கள்.

கிரெக்ட்ஸ்: விம்மல்

இத்திஷில் கிரெக்ட்ஸ் என்றால் முனகல். ஜெப ஆலயத்தில் பாடும் ஹஸானின் தொண்டை உடைவதை வயலினில் கொண்டுவருவது இது. முதலில் ஏ தந்தியில் இப்படிப் பழகுங்கள்:

1. முதல் விரலால் பி ஃப்ளாட்டைப் பிடித்து, வில்லின் நடுப்பகுதியில் ஒரு முழு எண்ணிக்கைக்குக் கீழ்நோக்கி இழுங்கள்.
2. எண்ணிக்கையின் கடைசிக் கால் பங்கில் நான்காம் விரலால் தந்தியைத் தொடுங்கள். பலகை வரை அழுத்தக் கூடாது. பாதி அழுத்தம் போதும்.
3. தொட்ட அதே நொடியில் வில்லை நிறுத்துங்கள். தூக்காதீர்கள், தந்தி மேலேயே கிடக்கட்டும்.
4. ஒரு மூச்சு இடைவெளி. அடுத்த சுரம்.

சரியாக வந்தால் விக்கல் போல, என்ன சுரம் என்று சொல்ல முடியாத ஓர் ஒலி கேட்கும். தெளிவான ஒரு சுரம் கேட்டால் விரல் அதிகம் அழுந்துகிறது. ஒலி நீண்டு அடங்கினால் வில்லைத் தூக்குகிறீர்கள். ‘டக்’கென்று தனியாகத் தட்டுவது போலிருந்தால் விரல் பிந்துகிறது, வில் ஏற்கெனவே நின்றுவிட்டது. இதில் முக்கால்வாசி வேலை வலது கையுடையது.

கமகத்தில் ஊறியவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. கமகம் ஒரு சுரத்தை இன்னொன்றோடு இழைக்கும். கிரெக்ட்ஸ் சுரத்தைத் துண்டிக்கும். கை தானாகவே அசையப் பார்க்கும், பிடித்து நிறுத்த வேண்டும். வைப்ராட்டோவையும் குறையுங்கள். ஒரு வரிக்கு ஒன்றிரண்டு கிரெக்ட்ஸ் போதும். எல்லாச் சுரத்திலும் போட்டால் துக்கம் போய்க் கேலி வந்துவிடும். ஒரே சுரம் அடுத்தடுத்து இரண்டு முறை வருமிடமும், மெட்டு படியிறங்கும் இடமும் அதற்குத் தோதானவை.

குறுகிய சுரங்களில் ட்ரில் போடலாம். சுரம், மேல் சுரம், மறுபடி சுரம் என்று மூன்றே அசைவு, சுரத்தின் தொடக்கத்திலேயே. நீளமாக உருட்டினால் கச்சேரி மேடை வாசனை அடிக்கும்.

தாளம்

புல்கார் நடனம் எட்டு அட்சரம், 3+3+2. தகிட தகிட தக என்று சொல்லிக்கொண்டே வாசித்தால் பாதி வேலை முடிந்தது. ஃப்ரெய்லெக்ஸ் இரண்டு எண்ணிக்கை, வேகமானது. நிமிடத்துக்கு 60-இல் தொடங்கி 110 வரை ஏற்றுங்கள். அலங்காரம் கலையும் வேகத்தில் நின்றுவிடுங்கள். ஹோரா, அதாவது ஜோக், மூன்று எண்ணிக்கையில் மெதுவாக நொண்டி நடப்பது: ஒன்று, மௌனம், மூன்று. அந்த நடு மௌனத்தை அவசரப்பட்டு நிரப்பினால் வால்ட்ஸ் ஆகிவிடும்.

தாளமில்லாத டோய்னா ருமேனிய மேய்ப்பர் இசையிலிருந்து வந்தது. நீட்டிப் பிடித்த ஓர் இசைவுக்கு (கார்ட், சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) மேல் வயலின் தன் போக்கில் பேசும். ஆலாபனை நினைவுக்கு வரும், ஆனால் டோய்னா சில நிமிடங்களில் முடிந்துவிடும். கீழே இசைவும் மாறிக்கொண்டிருக்கும். அதை ஹோரா தொடரும், பிறகு ஃப்ரெய்லெக்ஸ்.

இரண்டாவது வயலின்

செகுண்ட் எனப்படும் இதை யாரும் கற்க விரும்புவதில்லை. குழுவைத் தூக்கி நிறுத்துவதோ இதுதான். ஜி, டி தந்திகளை ஒரே இழுப்பில் சேர்த்து மீட்ட வேண்டும். டி மேஜர் இசைவுக்கு ஜி தந்தியில் முதல் விரல் (ஏ), டி தந்தியில் உயர்ந்த இரண்டாவது (எஃப் ஷார்ப்). ஜி மைனருக்குத் தாழ்ந்த இரண்டாவதும் (பி ஃப்ளாட்) மூன்றாவதும் (ஜி). சி மைனருக்கு ஜி தந்தியில் மூன்றாவதும் (சி) டி தந்தியில் தாழ்ந்த முதலாவதும் (ஈ ஃப்ளாட்). ஃப்ரெய்கிஷ் மெட்டு முடிவது பெரும்பாலும் சி மைனரிலிருந்து டி மேஜருக்கு. வில்லின் பிடிப்பக்கம் இரண்டங்குலம் போதும்; பாஸ் அடிக்கும் எண்ணிக்கைக்கு இடையில் விழ வேண்டும், அதன்மேல் அல்ல.

யாரைக் கேட்பது

ஏப் ஷ்வார்ட்ஸ் தன் மகள் சில்வியாவின் பியானோவோடு 1920-இல் பதிவு செய்த தட்டுகளில் தொடங்குங்கள். பியானோவின் எளிய துணைக்கு மேல் வயலினின் ஒவ்வொரு விக்கலும் தனித்துக் கேட்கும். 1921-இல் ஜேக்கப் கெக்னா வாசித்தது இன்னும் கடினம், பிறகு வைத்துக்கொள்ளலாம். எழுதிய மெட்டுகளுக்கு உக்ரைனில் சேகரித்த மோய்செய் பெரெகோவ்ஸ்கியின் தொகுப்பு உண்டு. ஆனால் தாளில் உள்ளது எலும்புக்கூடுதான். அதை அப்படியே வாசித்தால் கிளெஸ்மர் வராது. ஒலிப்பதிவைப் பாதி வேகத்துக்கு இறக்கி, எட்டு எண்ணிக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, வில் எங்கே நிற்கிறது என்று பென்சிலால் தாளில் குறியுங்கள். அடுத்த எட்டை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.