இலைத் துண்டிலிருந்து ஆப்பிரிக்க வயலட்: திசு வளர்ப்பில் முதல் அடி

திசு வளர்ப்பு (செடியின் சிறு துண்டைக் கிருமியில்லாத பாட்டிலில் வைத்து முழுச் செடியாக வளர்ப்பது) பழக ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் ஆர்க்கிடில் கைவைக்கிறார்கள். வேண்டாம், ஆப்பிரிக்க வயலட்டில் தொடங்குங்கள். இலைக்காம்பை மண்ணில் ஊன்றினாலே குட்டி போடும் செடி அது, பாட்டிலுக்குள் கேட்கவே வேண்டாம்.

முதலில் ஊடகம், அதாவது இலைத்துண்டு வளர்வதற்கான சத்துக்கூழ். ஒரு லிட்டர் தண்ணீருக்கு எம்.எஸ். பொடி (முராஷிகி, ஸ்கூக் என்ற விஞ்ஞானிகள் 1962-இல் வெளியிட்ட அதே சத்துக் கலவை) பாக்கெட்டில் சொன்ன அளவு, சர்க்கரை 30 கிராம், பி.ஏ.பி. 1 மில்லிகிராம், என்.ஏ.ஏ. 0.1 மில்லிகிராம் (இவை இரண்டும் செடி ஹார்மோன்கள்). பி.எச். 5.8-க்கு வந்த பிறகு அகார் (கூழை உறையவைக்கும் பொடி) 8 கிராம் சேர்த்துக் காய்ச்சி, பாட்டில்களில் ஊற்றி, 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) வையுங்கள். வீட்டில் பிரஷர் குக்கரே போதும்.

அடுத்து இலை. ரொம்ப முற்றாத, ரொம்ப இளசுமில்லாத இலையாகப் பாருங்கள். இதன் மேல் பூனைமயிர் மாதிரி ரோமம் இருப்பதால் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடும், கிருமியோ ரோமத்தடியில் சொகுசாக இருக்கும். அதனால் பத்து சதவீத பிளீச்சில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பத்து நிமிடம் குலுக்கி, கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். ஒரு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, ஊடகத்தின்மேல் வைத்து லேசாக அழுத்தினால் போதும். 25 டிகிரி, தினம் 16 மணி நேரம் வெளிச்சம்.

இனி வேலை செல்களுடையது. வெட்டுக்காயத்தை ஒட்டிய செல்கள், வளர்ந்து அடங்கியவைதான் என்றாலும், திரும்பவும் பிரியத் தொடங்கும். பிரிந்து என்னவாகும் என்பதை ஹார்மோன் விகிதம் முடிவு செய்கிறது: சைட்டோகைனின் (பி.ஏ.பி.) தூக்கலாக இருந்தால் தளிர், ஆக்சின் (என்.ஏ.ஏ.) தூக்கலாக இருந்தால் வேர், இரண்டும் சரிக்குச் சரியாக இருந்தால் பெரும்பாலும் உருவமில்லாத காலஸ் கட்டி. ஸ்கூக்கும் மில்லரும் 1957-இல் புகையிலையில் காட்டியது இதுதான். பி.ஏ.பி.யைக் கூட்டினால் நிறைய தளிர் கிடைக்குமே என்று அள்ளிக் கொட்டாதீர்கள், கண்ணாடி மாதிரி நீர்கோத்த தளிர்தான் வரும், வெளியே எடுத்ததும் துவண்டுவிடும்.

சில வாரங்களில் ஓரங்களில் பச்சைப் புடைப்புகள் தெரியும். அவை குட்டி இலை விட்டதும் பிரித்து, ஹார்மோன் இல்லாத ஊடகத்துக்கு மாற்றினால் வேர் தானாகவே வரும். அப்புறம் அகாரைச் சுத்தமாகக் கழுவி, ஈரமான தேங்காய் நார்க்கழிவில் நட்டு, பிளாஸ்டிக் டப்பாவால் மூடி, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள்.

சரி, இதழ் நடுவில் பட்டை ஓடும் பின்வீல் வகை வைத்திருக்கிறீர்களா? அதில் இந்த வழி வேலைக்காகாது. அந்தப் பட்டையே செடியின் வெளி அடுக்கும் உள் அடுக்கும் வேறு வேறு மரபணு கொண்டிருப்பதால் வருவது. இலைத்துண்டில் தளிர் கிளம்புவதோ மேல்தோல் செல்களிலிருந்து, அதனால் பூ ஒரே நிறத்தில்தான் பூக்கும். அதற்குப் பூக்காம்பிலுள்ள குட்டி இலைகளின் கக்கத்தை எடுங்கள், அங்கே இரண்டு அடுக்கும் கலையாமல் மொட்டு ஏற்கெனவே இருக்கிறது.