டர்பனில் புது வீடு: எதை, எந்த வரிசையில் முடிவு செய்வது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீடு கட்ட நிலம் வாங்கியவர்கள் முதலில் போய் நிற்பது டைல்ஸ் கடையில்தான். வெருலம், டொங்காட், சாட்ஸ்வொர்த், ஐசிபிங்கோ என எங்கே கட்டினாலும், அஸ்திவாரம் தோண்டும் முன்பே சமையல் மேடைக்குக் கல் தேர்ந்தெடுத்தாகிவிடுகிறது. அந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் டைல்ஸைப் பத்து வருடம் கழித்தும் மாற்றிக்கொள்ளலாம். மண்ணுக்குள் புதைந்த வடிகாலையும், வீடு பார்க்கும் திசையையும் மாற்ற முடியாது. ஆகவே, பிறகு மாற்றவே முடியாததை முதலிலும், எளிதில் மாற்றக்கூடியதைக் கடைசியிலும் முடிவு செய்யுங்கள். முதல்முறை கட்டுபவர்களுக்காக அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: மண்ணும் மழைநீரும்

டர்பனில் பல மனைகள் சரிவில் இருக்கின்றன. கடலோர மேடுகளில் பெரியா (Berea) என்ற இடத்தின் பெயரால் அழைக்கப்படும் செம்மணல் பரவிக் கிடக்கிறது. காய்ந்திருக்கும்போது உறுதியாகத் தெரியும் இந்த மண், நீர் ஊறினால் அமுங்கும். ஓடும் நீரில் அரித்துக்கொண்டு போகும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். சரிவுகளில் நின்ற வீடுகள் மண்ணோடு சேர்ந்து இறங்கின. இதைக் கண்ணால் பார்த்த ஊரில், தாங்குசுவரையும் மழைநீர் வடிகாலையும் "பணம் மிஞ்சினால் பார்ப்போம்" என்று ஒதுக்குவதை என்னால் ஏற்கவே முடியாது.

வரைபடம் போடும் முன் மண் பரிசோதனை செய்யுங்கள். கூரையில் விழும் நீரும் முற்றத்தில் விழும் நீரும் எந்த வழியாக, எங்கே போய்ச் சேரும் என்பதை வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தாங்குசுவரைப் பொறியாளர் கணக்கிட வேண்டும். சுவருக்குப் பின்னால் சரளைக்கல்லும், நீர் வெளியேறத் துளைகளும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இந்தச் செலவை மொத்தத் தொகையிலிருந்து முதலில் கழித்துவிட்டு, மிச்சத்தில்தான் மற்ற ஆசைகளைக் கணக்கிட வேண்டும்.

படி 2: சூரியன் வடக்கே இருக்கிறது

தமிழ்நாட்டு வீட்டு வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே கட்டுபவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். டர்பன் ஏறக்குறைய 30 டிகிரி தெற்கு அட்சரேகையில் இருக்கிறது. நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்குப் பக்கமாகவே நிற்கும். இங்கே கோடையான டிசம்பரில் ஏறக்குறைய 83 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு மேல். குளிர்காலமான ஜூனில் 37 டிகிரிக்குத் தாழ்ந்துவிடும்.

இந்த வித்தியாசம் பெரிய வசதி. வடக்குச் சுவரில் ஜன்னலுக்கு மேல் 60 சென்டிமீட்டர் கூரை நீட்டம் வைத்தால், டிசம்பர் நண்பகலில் ஜன்னல் முழுவதும் நிழலில் இருக்கும். ஜூனில் அதே நீட்டத்தின் நிழல் 45 சென்டிமீட்டர்தான் இறங்கும். அதற்குக் கீழே வெயில் உள்ளே வரும். கோடையில் குளுமையும் குளிர்காலத்தில் கதகதப்பும் மின்சாரம் இல்லாமலே கிடைக்கின்றன. ஆகவே கூடமும் அதிகம் புழங்கும் அறைகளும் வடக்கே இருக்கட்டும். குளியலறை, சாமான் அறை, கார் நிறுத்துமிடம் தெற்கிலும் மேற்கிலும் போகட்டும். மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடி வேண்டாம். பிப்ரவரி மாலையில் அந்த அறையில் உட்கார முடியாது.

காற்றும் முக்கியம். இங்கே பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் கரையை ஒட்டியே காற்று வீசுகிறது. குளிரும் மழையும் தென்மேற்கிலிருந்து வரும். வடகிழக்கில் திறக்கும் ஜன்னல்களும், எதிர்ச்சுவரில் காற்று வெளியேற வழியும் இருந்தால் ஈரப்பதம் தங்காது.

வாஸ்து பார்ப்பவர்களுக்கு இதில் பெரிய முரண்பாடு எதுவும் இல்லை. வடகிழக்குப் பூஜையறைக்குக் காலை வெயில் கிடைக்கும். தென்கிழக்குச் சமையலறை பிற்பகல் வெப்பத்திலிருந்து தப்பிக்கும். ஆனால் திசை பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: டர்பனில் காந்த ஊசி உண்மையான வடக்கிலிருந்து சுமார் 25 டிகிரி மேற்கே விலகிக் காட்டும். கைபேசியின் திசைகாட்டியில் "உண்மை வடக்கு" என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பாருங்கள். சூரியன் நடப்பது அந்த வடக்கை ஒட்டித்தான்.

படி 3: வீட்டில் நடப்பவற்றை எழுதுங்கள்

கட்டிடக் கலைஞரிடம் "நான்கு படுக்கையறை" என்று சொன்னால் நான்கு படுக்கையறை வரைந்து தருவார். வீட்டில் என்னென்ன நடக்கும் என்று சொன்னால்தான் உங்கள் வீட்டை வரைவார். காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களில் யார் எங்கே படுப்பார்கள்? அறுபது பேருக்குப் பிரியாணி வேகும் அண்டா எங்கே ஏறும்? மீன் எங்கே பொரியும்? இங்குள்ள பல இந்தியக் குடும்பங்கள் வெளிச் சமையலறை ஒன்றை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பிறகு தகரம் போட்டு ஒட்டவைக்காமல், முதல் வரைபடத்திலேயே தண்ணீர், கழிவுநீர், எரிவாயு இணைப்புகளோடு சேர்த்துவிடுங்கள்.

பூஜையறையில் விளக்குப் புகை வெளியேறத் திறக்கும் ஜன்னல் வேண்டும். விளக்கு வைக்கும் திட்டு கல்லாக இருக்கட்டும். அதற்கு மேலே மர அலமாரி வரக் கூடாது.

வயதானவர்களை மறந்துவிடாதீர்கள். தரைத்தளத்தில் ஒரு படுக்கையறையும், படி இல்லாமல் நுழையும் குளியலிடமும், 90 சென்டிமீட்டர் கதவும் இருந்தால் பாட்டியை யாரும் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்காது.

படி 4: சுவருக்குள் போகும் குழாயும் கம்பியும்

அறைகளில் மேசை, கட்டில், குளிர்பெட்டி எல்லாவற்றையும் வரைபடத்தில் அளவோடு வரைந்த பிறகுதான் பிளக் எங்கே வரும் என்று குறிக்க வேண்டும். கிரைண்டருக்கு நிலையான இடமும் தனிப் பிளக்கும் கொடுங்கள். இந்தியாவிலிருந்து கொண்டுவரும் சாதனங்களில் பெரிய மூன்று முனைப் பிளக் இங்குள்ள பெரிய உருண்டைத் துளைகளில் பொருந்தும்; சிறிய மூன்று முனைப் பிளக் பொருந்தாது. மின்னழுத்தம் இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான்.

மின்வெட்டு இந்த நாட்டுக்கு 2007-லிருந்தே பழகிய துன்பம். இன்வெர்ட்டரை இப்போது வாங்காவிட்டாலும் பரவாயில்லை. விளக்குகள், இணையம், குளிர்பெட்டி, வாசல் கதவு ஆகியவற்றின் இணைப்புகளை மின்பலகையில் தனிப் பிரிவாக இப்போதே வைக்கச் சொல்லுங்கள். பூச்சு முடிந்த பிறகு இதற்காகச் சுவரை வெட்டுவது வீண் செலவு.

வெந்நீருக்குச் சட்டமே இருக்கிறது. கட்டிடங்களின் ஆற்றல் பயன்பாட்டுக்கான தென்னாப்பிரிக்கத் தரவிதியான சான்ஸ் 10400-எக்ஸ்.ஏ. படி, புது வீட்டின் ஆண்டு வெந்நீர்த் தேவையில் குறைந்தது பாதியாவது சாதாரண மின்கம்பிச் சூடேற்றி அல்லாத வழியில் சூடாக வேண்டும். சூரிய கீசரா, வெப்பப் பம்பா என்பதைக் கூரை வரையும்போதே தீர்மானியுங்கள். சூரிய கீசர் என்றால் வடக்குச் சரிவில் அதற்கு இடமும், எடையைத் தாங்கும் மரச்சட்டமும் வேண்டும்.

செங்கல் வேலை முடிந்ததும், பூச்சுக்கு முன், சுண்ணக்கட்டியோடு ஒவ்வொரு அறையாக நடந்து எல்லாப் புள்ளிகளையும் சரிபாருங்கள். குழாயும் கம்பியும் பதித்த பிறகு அளவுநாடாவைச் சுவரில் வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போது அந்தப் படங்கள்தான் துணை.

படி 5: நிறைவுப் பொருட்களின் பட்டியல்

இப்போது கடைக்குப் போகலாம். போகும் முன் அறைவாரியாக ஒரு பட்டியல் தயாராகட்டும்: தரை, சுவர், உட்கூரை, கதவு, கைப்பிடி, குழாய், விளக்கு. ஒவ்வொன்றுக்கும் பொருளின் பெயரும் எண்ணும், அளவு, நிறம், விலை, யார் வாங்குவது, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பவை எழுதப்பட வேண்டும். இந்தப் பட்டியல் ஒப்பந்தத்தோடு இணைந்து, இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் "ஒதுக்கீட்டுத் தொகை" என்று வரும் வரிகளைத் தேடிப் படியுங்கள். உதாரணத்துக்கு, டைல்ஸுக்குச் சதுர மீட்டருக்கு 200 ராண்ட் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 350 ராண்ட் டைல்ஸைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். 80 சதுர மீட்டர் தரைக்கு வித்தியாசம் 12,000 ராண்ட். உடைசலுக்கு 10 சதவீதம் சேர்த்தால் 13,200. அது உங்கள் பையிலிருந்துதான் போகும். அந்த 200-இல் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரி அடங்குமா, பதிக்கும் கூலி அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது கடலை மனதில் வையுங்கள். உப்புக்காற்றில் சாதாரண இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். கடலுக்கு அருகே என்றால் ஜன்னலுக்குப் பவுடர் பூச்சு அலுமினியம், கீலுக்கும் திருகுக்கும் 316 தரத் துருப்பிடிக்காத எஃகு. மரக்கதவு வாங்கினால் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் வார்னிஷ் அடித்தார்களா என்று பாருங்கள். ஈரம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஏறிக் கதவை உப்பவைக்கிறது. குளியலறை விசிறி காற்றை வீட்டுக்கு வெளியே தள்ள வேண்டும். உட்கூரைக்குள் தள்ளினால் பூஞ்சைதான் வளரும்.

சமையல் மேடைக் கல்லுக்கு ஒரு சோதனை. கடையில் மாதிரித் துண்டு கேட்டு வாங்கி, குழைத்த மஞ்சளையும் எண்ணெயையும் இரவு முழுவதும் அதன்மேல் விட்டுக் காலையில் கழுவுங்கள். கறை நின்றால் அந்தக் கல் நம் சமையலுக்கு ஆகாது. குவார்ட்ஸ் என்று விற்கும் செயற்கைக் கல்லில் பிசின் கலந்திருப்பதால் கொதிக்கும் பாத்திரத்தை நேராக இறக்கக் கூடாது. வெளிச் சமையலறைக்குக் கிரானைட்டே மேல். டைல்ஸ் இடுக்குச் சாந்துக்கு வெள்ளை வேண்டாம், சாம்பல் நிறம் எடுங்கள். வாசற்படிக்கும் வெளித் தரைக்கும் வழுக்காத ஆர்11 தரம் கேளுங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே தொகுதி எண் இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். ஒரு பெட்டியைப் பழுதுபார்ப்புக்கு எடுத்து வையுங்கள்.

சுவர் வண்ணம் கடைசி. பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, சுவரிலேயே பெரிய சதுரமாக அடித்துக் காலையிலும் மாலையிலும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

படி 6: காகிதங்கள்

வேலை தொடங்கக் குறைந்தது 15 நாட்களுக்கு முன் கட்டுநர் வீட்டை என்.எச்.பி.ஆர்.சி. (NHBRC) என்ற தேசிய வீடு கட்டுநர் பதிவு மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். 1998-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் பாதுகாப்பு இதுதான்: குடியேறிய நாளிலிருந்து, ஒப்பந்தப்படி அமையாத சிறு குறைகளுக்கு 3 மாதம், கூரை ஒழுகலுக்கு 1 வருடம், பெரிய கட்டுமானக் குறைகளுக்கு 5 வருடம். கடைசித் தவணை கொடுக்கும் முன் மின்சாரச் சான்றிதழும் எரிவாயுச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். குடியேறும் முன் நகராட்சியின் குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும்.

குடியேறியதும் ஒவ்வொரு குழாயையும் திறந்து, ஒவ்வொரு கதவையும் பூட்டிப் பார்த்துக் குறைப்பட்டியல் எழுதுங்கள். மூன்று மாதம் முடியும் முன் அதைக் கட்டுநரிடம் எழுத்துமூலம் கொடுத்து, தேதியோடு கையெழுத்துப் பெற்ற பிரதியை வீட்டுக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.