ஊறும் சுவருக்குப் பெயின்ற் பூசுவதும் வாடகை வீட்டில் செய்யும் பிற தவறுகளும்

திருகோணமலையில் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் வீடு பார்த்து முற்பணம் கொடுப்பவருக்கு, அந்த வீட்டின் சுவர் தன் குறையைக் காட்டாது. ஐப்பசியில் மாரி தொடங்கி, கிணற்று நீர் மேலேறி, முற்றத்து மண் ஊறிய பிறகுதான் அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் படரத் தொடங்கும். ஆகவே வெயில் காலத்தில், அதுவும் புதிதாகப் பெயின்ற் பூசிய வீட்டில், சுவரின் நிறத்தை நம்புவது முதல் தவறு. கதவு நிலையின் அடிப்பகுதி உக்கியிருக்கிறதா, மூடிக் கிடந்த அலுமாரியைத் திறந்தால் முடை நாற்றம் வருகிறதா என்று பாருங்கள்; கடந்த மாரியில் அங்கு எப்படி இருந்ததென்று அயல்வீட்டாரிடமும் கேளுங்கள்.

மிகப் பெரிய தவறு, நீர் வரும் வழியை அறியாமல் பெயின்ற் பூசுவது. உப்புவெளியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், நிலத்திலிருந்து முழங்கால் உயரம் வரை பெயின்ற் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றை விரலால் அழுத்தியபோது அது உடைந்து, அரிசி மாவு போன்ற வெண்தூள் தரையில் கொட்டியது. அது உப்பு. நிலத்து நீர் கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறிக் காய்கையில் உப்பைச் சுவரில் விட்டுச் செல்கிறது. கழுவாத கடல்மணலில் கட்டிய சுவரென்றால் உப்பு ஏற்கனவே உள்ளேயே இருக்கிறது. அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுப்பதால், நீர் ஏறுவது நின்ற பிறகும் சுவர் ஈரமாகவே இருக்கும். எனாமல் பெயின்ற் பூசி அதை மூடினால், வெளியேற வழியில்லாத நீர் இன்னும் உயரத்துக்கு ஏறும். அந்த வீட்டில், வெளிச்சுவரோடு அணைத்துக் குவித்திருந்த பூங்கன்றுப் பாத்தி மண்ணே ஈரத்தை உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தது.

எல்லா ஈரத்தையும் ஒன்றாகக் கருதுவதும் தவறுதான். சுவரின் மேற்பகுதியில் கறை தெரிந்தால் கூரை ஓடுகளையும் பீலியையும் பார்க்க வேண்டும். குழாய் ஒழுக்கைச் சந்தேகித்தால், இரவில் எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டு நீர்மானி சுழல்கிறதா என்று கவனியுங்கள். எதுவும் புலப்படாவிட்டால், ஒரு பொலித்தீன் துண்டின் நான்கு ஓரங்களையும் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது; அறைப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் படிகிறது. அப்படிப் படியும் ஈரத்துக்கு மாரியில் யன்னல்களை நாள் முழுதும் பூட்டி வைப்பதும், படுக்கையறையில் துணி காயவிடுவதும், அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைப்பதும் முக்கிய காரணங்கள்.

பூஞ்சணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் அதன் வித்துகள் அறையெங்கும் பரவும். ஈரத் துணியால் துடைப்பதே சரி. வெளிற்றும் திரவத்துடன் மலசலகூடம் கழுவும் அமிலத்தைக் கலக்கவே கூடாது, நச்சுக் குளோரின் வாயு எழும். அஸ்பெஸ்டோஸ் கூரைத் தகட்டைச் சுரண்டவும் வேண்டாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டல்கள் ஈரலிப்பையும் பூஞ்சணத்தையும் ஆஸ்துமாவோடு தொடர்புபடுத்துகின்றன. குழந்தை படுக்கும் அறையென்றால் ஒரு கிழமை கூடத் தாமதிக்காதீர்கள்.

வீட்டுக்காரரின் மனம் நோகுமென்று பேசாமல் இருப்பவர்களே நம்மிடையே அதிகம். குடியேறும் நாளிலேயே சுவர்களைத் திகதியுடன் படமெடுத்து, பழுது கண்டதும் எழுத்தில் அறிவித்தால், பின்னர் முற்பணம் திருப்பிக் கேட்கும்போது பிணக்கு வராது. அவருடைய சம்மதமின்றித் திருத்தச் செலவை வாடகையில் கழிப்பது உங்களுக்கே பாதகமாகலாம்.

திருத்தம் தொடங்கினாலும் அவசரப்படக்கூடாது. ஊறிய சுவர் உலர, தடிப்பின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ ஒரு மாதம் என்பது மேசன்மாரின் கைக்கணக்கு. தை மாதம் மழை ஓய்ந்ததும் உப்பேறிய பூச்சை ஈரக்கோட்டுக்கு மேலும் ஓரடி உயரம் வரை கொத்தி எடுத்துவிட்டு, கச்சான் வீசிச் சுவர் முழுதாகக் காயும் வரை அதை வெறுங் கல்லாகவே விடும்படி வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.