கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தாச்சு, அடுத்து யாரைப் போய்ப் பார்ப்பது?

கலிபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள், அதாவது இரண்டு வருஷ அரசுக் கல்லூரிகள், இருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு டி ஆன்சா, ஓலோனி, மிஷன், ஃபுட்ஹில் எல்லாம் பழகிய பெயர்கள்தான். பிள்ளை முதல் இரண்டு வருஷம் வீட்டிலிருந்தே படிக்கட்டும், அப்புறம் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) டேவிஸ் வளாகத்துக்கோ பெர்க்லிக்கோ மாறிப் போகட்டும் என்று கணக்குப் போடும் குடும்பங்கள் நிறைய. கணக்கில் தப்பில்லை. கலிபோர்னியாவாசி என்று பதிவானவருக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர்தான் கட்டணம். காலாண்டு முறையில் நடக்கும் டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற இடங்களில் 31 டாலர்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தேர்வு மையம், ஆலோசகர், பல்கலைக்கழகத்துக்கு மாற உதவும் டிரான்ஸ்ஃபர் சென்டர், வேலைக்கு வழிகாட்டும் கரியர் சென்டர் என்று எல்லா உதவியும் வளாகத்திலேயே உண்டு. ஆனால் யாரும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லமாட்டார்கள். நாமாகத்தான் போய்க் கேட்க வேண்டும், அதுவும் சரியான வரிசையில். முதல் பருவம் சேரும் மாணவருக்கும், பின்னால் நின்று கவலைப்படும் அப்பா அம்மாவுக்கும் அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

படி 1: விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டிய இரண்டு கட்டங்கள்

விண்ணப்பம், கம்யூனிட்டி காலேஜ்களுக்கான சிசிசி அப்ளை தளத்தில். கட்டணம் கிடையாது. படிப்பின் நோக்கம் என்ன என்று ஒரு கேள்வி வரும். அங்கே டிரான்ஸ்ஃபர் அல்லது பட்டம் என்று கொடுங்கள். 'ஓரிரு பாடம் மட்டும்' என்கிற வகையைத் தேர்ந்தெடுத்தால், கல்லூரி உங்களை முழு மாணவராகவே எண்ணாமல் ஆலோசனைப் படிகளிலிருந்து விலக்கிவிடக்கூடும்.

இரண்டாவது, வசிப்பிடம். பருவம் தொடங்கும் முன் ஒரு வருஷமும் ஒரு நாளும் கலிபோர்னியாவில் இருந்திருக்க வேண்டும், இங்கேயே தங்கும் எண்ணத்துக்கு ஆதாரமும் காட்ட வேண்டும். வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருப்பவர்களும் இதற்குத் தகுதி பெறலாம். இது தெரியாமல் வெளிமாநிலக் கட்டணம் கட்டுகிறவர்கள் உண்டு. வாடகை ஒப்பந்தம், வரித் தாக்கல், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அட்மிஷன் அலுவலகத்துக்குப் போங்கள். எஃப்-1 (மாணவர் விசா) மாணவர்களுக்கு இந்த வழி இல்லை.

படி 2: பிளேஸ்மென்ட், அதாவது எந்த வகுப்பிலிருந்து தொடங்குவது

முன்பெல்லாம் சேர்ந்தவுடன் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஒரு தேர்வு வைப்பார்கள். அன்றைக்குத் தலைவலி என்றாலும் கதை முடிந்தது. மதிப்பெண் குறைந்தால் அடிப்படை வகுப்புகளில் தள்ளிவிடுவார்கள். அந்த வகுப்புகள் பல்கலைக்கழகக் கணக்கில் ஏறாது. ஒன்றை முடித்தால் இன்னொன்று, அதற்குமேல் இன்னொன்று என்று ஏறி வருவதற்குள் பாதிப் பேர் படிப்பையே விட்டுவிடுவார்கள்.

2017-ல் கையெழுத்தான அசெம்பிளி மசோதா 705 இதை மாற்றியது. 2019 இலையுதிர் பருவத்திலிருந்து கல்லூரிகள் முக்கியமாகப் பார்ப்பது உயர்நிலைப் பள்ளி ஜிபிஏதான் (சராசரி மதிப்பெண் புள்ளி). 2022-ல் வந்த மசோதா 1705 அந்தப் பிடியை இன்னும் இறுக்கியது. மாணவர் முதல் ஒரு வருஷத்துக்குள் பல்கலைக்கழக நிலை ஆங்கிலத்தையும் கணக்கையும் முடிக்க வழி செய்ய வேண்டும் என்பதுதான் நோக்கம். உதாரணமாக, ஆங்கிலத்துக்கு மாநிலம் 2018-ல் கொடுத்த வழிகாட்டுதலில் ஜிபிஏ 2.6-க்கு மேல் இருந்தால் நேராகக் கல்லூரி ஆங்கிலம். அதற்குக் கீழே என்றாலும் அதே வகுப்புதான், கூடவே ஒரு ஆதரவு வகுப்பு பரிந்துரைக்கப்படும்.

ஆகவே பிளேஸ்மென்டுக்கு கோச்சிங் தேட வேண்டாம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பள்ளி மதிப்பெண் பட்டியலை ஏற்றுங்கள், பள்ளியிலேயே கல்லூரி நிலைப் பாடத்துக்கான அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் தேர்வு எழுதியிருந்தால் அந்த மதிப்பெண்ணையும் அதை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள். அந்தத் தேர்வில் ஐந்துக்கு 3 வாங்கினாலே கம்யூனிட்டி காலேஜ் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் நாளைக்குப் போகப்போகிற பல்கலைக்கழகத் துறை அதற்குமேல் எதிர்பார்க்கலாம். இதை நான்காவது படியில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆதரவு வகுப்பு என்றதும் நம் வீடுகளில் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன், 'என் பிள்ளைக்கு ட்யூஷனா?' என்று. இது தண்டனை இல்லை. கணக்கில் தடுமாறுகிறவர் கால்குலஸோடு சேர்த்து அதை எடுப்பதே புத்திசாலித்தனம். வாரத்தில் சில மணி நேரம் கூடுதலாகப் போகும், அவ்வளவே.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்துவிட்டு நேராக வருகிறவருக்கு ஜிபிஏ இருக்காது. அவர்களைச் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லவைத்து, தாங்களே வகுப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். இந்தியக் கல்லூரிப் பாடங்களுக்கு யூனிட் வாங்க வேண்டுமானால், மதிப்பெண் பட்டியலை அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் கொடுத்து அறிக்கை வாங்க வேண்டும்.

சரி, அப்படியானால் தேர்வு மையத்துக்கு இப்போது என்ன வேலை? தவறவிட்ட தேர்வை மறுபடி எழுதவும், கூடுதல் நேரம் அனுமதிக்கப்பட்டவர்கள் அமைதியாக எழுதவும் பெரும்பாலும் அங்கேதான் இடம். டிஸ்லெக்சியா, கவனக்குறைபாடு போன்ற காரணங்களுக்காகப் பள்ளியில் சலுகை பெற்ற பிள்ளை என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். பள்ளியின் ஐஇபி (தனிப்பட்ட கல்வித்) திட்டம் கல்லூரிக்குத் தானாக வராது. மாற்றுத்திறனாளிகள் சேவை அலுவலகத்துக்கு மாணவரே போய், ஆவணம் காட்டி, புதிதாகக் கேட்க வேண்டும். தேர்வுக்கு முந்தின வாரம் போனால் பலனில்லை. பருவம் தொடங்கும்போதே போய்விடுங்கள்.

படி 3: ஓரியன்டேஷன்

கல்லூரியை அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சி இது. ஆன்லைனில் முடிந்துவிடும், சலிப்பாகத்தான் இருக்கும், முடித்துவிடுங்கள். ஓரியன்டேஷன், பிளேஸ்மென்ட், கல்வித் திட்டம் (படி 5) மூன்றும் முடிந்தால்தான் வகுப்புப் பதிவில் முன்னுரிமை. இல்லையென்றால் உங்கள் முறை வரும்போது வேதியியல் லேப் நிரம்பியிருக்கும்.

படி 4: ஆலோசகரைப் பார்க்கும் முன் 'அசிஸ்ட்' தளத்தைத் திறங்கள்

பலரும் தவறவிடுவது இந்தப் படியைத்தான். என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம்.

அசிஸ்ட் டாட் ஆர்க் என்பது கலிபோர்னியாவின் அரசுக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இடையே எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று காட்டும் அதிகாரபூர்வத் தளம். கல்வியாண்டு, உங்கள் கல்லூரி, போக விரும்பும் பல்கலைக்கழகம், பாடப்பிரிவு நான்கையும் கொடுத்தால் ஒரு பக்கம் வரும். இடது பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், வலது பக்கம் அதற்கு ஈடாக உங்கள் கல்லூரியில் உள்ள பாடம்.

படிக்கும்போது மூன்று இடங்களில் நின்று பாருங்கள். முதலாவது, பாடங்களுக்கு நடுவே 'அண்ட்', 'ஆர்' என்று சின்னதாக எழுதியிருக்கும். 'அண்ட்' என்றால் இரண்டையும் முடித்தால்தான் அந்த ஒன்று கணக்கில் வரும். இரண்டாவது, 'நோ கோர்ஸ் ஆர்டிகுலேட்டட்' என்று வந்தால் உங்கள் கல்லூரியில் அதற்கு ஈடு இல்லை. பக்கத்துக் கல்லூரியில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, தொடர்ச்சியாக வரும் பாடங்கள். டி ஆன்சாவில் கால்குலஸ் மேத் 1ஏ, 1பி, 1சி, 1டி என்று நான்கு காலாண்டாக ஓடும். மிஷன் காலேஜ் செமஸ்டர் முறை. பாதியை இங்கேயும் பாதியை அங்கேயும் எடுத்தால் நடுவில் சில தலைப்புகள் விட்டுப்போகும், பல்கலைக்கழகமும் முழுத் தொடராக ஏற்காமல் போகலாம். கோடை விடுமுறையில் பக்கத்துக் கல்லூரியில் ஒன்றை முடித்துவிடலாம் என்று கிளம்பும் முன் இதை யோசியுங்கள்.

விருப்பமான மூன்று பல்கலைக்கழகங்களுக்கு மூன்று பக்கம் எடுத்து அச்சிட்டு, பொதுவான பாடங்களை ஹைலைட்டரால் தீட்டுங்கள். தீட்டிய பாடங்கள்தான் முதல் வருஷம்.

படி 5: ஆலோசகர் சந்திப்பு

இரண்டு வகை உண்டு. டிராப்-இன் என்பது வரிசையில் நின்று பத்துப் பதினைந்து நிமிஷம் பேசுவது. ஒரு பாடத்தைச் சேர்க்கலாமா, ஒரு படிவத்தில் கையெழுத்து வேண்டும் என்பதற்கு அது போதும். முழுக் கல்வித் திட்டம் போட அப்பாயின்ட்மென்ட்தான் எடுக்க வேண்டும். பருவம் தொடங்கும் வாரத்தில் ரேஷன் கடை வரிசைபோல் இருக்கும். மூன்றாவது, நான்காவது வாரத்துக்குப் பிறகு போனால் நிதானமாகப் பேசுவார்கள்.

'என்ன எடுக்கலாம், நீங்களே சொல்லுங்க' என்று வெறுங்கையோடு உட்காராதீர்கள். பொதுக்கல்விப் பட்டியலிலிருந்து நாலு பாடத்தை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அச்சிட்ட அசிஸ்ட் பக்கங்களை மேஜைமேல் வைத்துவிட்டு இப்படிக் கேளுங்கள்: "இந்த மூன்று இடத்துக்கும் பொருந்துகிற மாதிரி இரண்டு வருஷத் திட்டம் வேண்டும். எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் மட்டும் நடக்கும்? கால்-ஜெட்ஸி முழுவதையும் முடிக்கணுமா, துறைப் பாடங்களை முதலில் முடிக்கணுமா?"

கால்-ஜெட்ஸி என்பது 2025 இலையுதிர் பருவத்திலிருந்து யூசி, கால் ஸ்டேட் (கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) இரண்டுக்கும் பொதுவான பொதுக்கல்வித் தொகுப்பு, 34 யூனிட். பொறியியலுக்கும் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கும் போகிறவர்கள் துறைப் பாடங்களைத் தள்ளிவைத்துவிட்டு இதை முடிக்க ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தத் துறைகள் முதலில் பார்ப்பது கணக்கையும் இயற்பியலையும்தான்.

திட்டத்தைக் கல்லூரியின் கணினியில் பதிவுசெய்யச் சொல்லி, ஒரு நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறொரு ஆலோசகர் வேறு மாதிரி சொன்னால் காட்ட அது உதவும். வேறு மாதிரி சொல்வதும் நடக்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஃபெர்பா என்ற மாணவர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து மதிப்பெண்ணும் பதிவுகளும் மாணவருடையவை. பதினாறு வயதில் கல்லூரிப் பாடம் எடுத்தாலும் அப்படித்தான். நீங்கள் போன் செய்து கேட்டால் சொல்லமாட்டார்கள். மகனோ மகளோ சம்மதித்தால் சந்திப்பில் கூட உட்காரலாம். உட்கார்ந்தாலும் பேசுவது அவர்களாக இருக்கட்டும்.

படி 6: டிரான்ஸ்ஃபர் சென்டர்

60 செமஸ்டர் யூனிட், அதாவது 90 காலாண்டு யூனிட், முடித்தால் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருஷத்தில் நுழையலாம். யூசிக்கு மாநிலவாசிகளுக்குக் குறைந்தபட்ச ஜிபிஏ 2.4, மற்றவர்களுக்கு 2.8. இது விண்ணப்பிக்கத்தான். இடம் கிடைக்கப் பெரும்பாலும் இதைவிட நிறைய வேண்டும். சாட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை யூசி பார்ப்பதில்லை.

டேக் என்று ஒரு உத்தரவாத ஒப்பந்தம் இருக்கிறது. டேவிஸ், அர்வைன், மெர்சிட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்களில் ஒன்றே ஒன்றுக்குப் போடலாம். குறிப்பிட்ட பாடங்களையும் ஜிபிஏவையும் எட்டினால் இடம் உறுதி. எல்லாப் பாடப்பிரிவுக்கும் கிடையாது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ இதில் இல்லை. டேக் விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரை, அப்புறம் வழக்கமான யூசி விண்ணப்பம் நவம்பர் இறுதியை ஒட்டி முடியும். இரண்டையும் போட வேண்டும். கால் ஸ்டேட்டுக்குப் போவதென்றால் டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் பட்டத்தை (இரண்டு வருஷப் பட்டம்) பற்றிக் கேளுங்கள். அதை முடித்தவருக்கு அந்த அமைப்பில் ஏதாவதொரு வளாகத்தில் இடம் உண்டு, கேட்ட வளாகத்திலேயே என்று சொல்ல முடியாது.

படி 7: கரியர் சென்டர்

கடைசிப் பருவத்தில் போகிற இடம் என்று நினைக்கிறார்கள். என்ன படிப்பது என்றே குழப்பமாக இருந்தால் முதலில் போக வேண்டியதே இங்கேதான். ஸ்ட்ராங் இன்ட்ரஸ்ட் இன்வென்டரி போன்ற ஆர்வத் தேர்வுகளைப் பல கல்லூரிகளில் தருகிறார்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் தளத்தில் அதே மாதிரி ஒன்று இலவசம். முடிவு ஜாதகம் இல்லை. 'நீ இதுதான்' என்று சொல்லாது. ஆலோசகரோடு உட்கார்ந்து பேச ஒரு தொடக்கம் கிடைக்கும்.

ரெஸ்யூமே திருத்துவது, மாதிரி நேர்காணல், வேலைச் சந்தை எல்லாம் இங்கேதான். நம் பிள்ளைகளின் ரெஸ்யூமேயில் அப்பா பெயர், பிறந்த தேதி, புகைப்படம் எல்லாம் இருக்கும். முதல் திருத்தத்திலேயே அவற்றை அடித்துவிடுவார்கள். இங்கே அது வழக்கமில்லை. உழவர் சந்தையில் அக்கா கடைக்கு உதவியது, கோயில் விழாவில் பார்க்கிங் பார்த்துக்கொண்டது எல்லாம் எழுதத் தகுந்த அனுபவம்தான்.

விசா விஷயம் இங்கே கவனம். எச்-4-ல் வேலை அனுமதி அட்டை இல்லாதவர் சம்பள வேலைக்கும் ஊதிய இன்டர்ன்ஷிப்புக்கும் போக முடியாது. எச்-4-ல் இருக்கும் யாருக்கும் ஃபாஃப்சா வழி வரும் மத்திய அரசு உதவித்தொகையும் கிடையாது. எஃப்-1 மாணவர் பருவ நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வெளியே பயிற்சிக்குப் போக சிபிடி (படிப்போடு சேர்ந்த பயிற்சி) அனுமதி வேண்டும், அதற்கு முன் ஒரு கல்வியாண்டு முழுநேரம் படித்திருக்க வேண்டும்.

படி 8: ஒரு பாடம் கைமீறிப் போகும்போது

முதலில் ட்யூட்டரிங் சென்டர். இலவசம். அங்கேயும் தேறாது என்று தெரிந்தால் கல்லூரி காலண்டரில் இரண்டு தேதிகளைப் பாருங்கள். முதல் தேதிக்குள் விட்டால் பதிவில் தடயமே இருக்காது. இரண்டாவது தேதிக்குள் விட்டால் 'டபிள்யூ' (பாடத்திலிருந்து விலகியதற்கான குறி) விழும். அது ஜிபிஏவைத் தொடாது, ஆனால் ஒரு முயற்சியாகக் கணக்கில் ஏறும். ஒரே பாடத்துக்குப் பொதுவாக மூன்று முயற்சிதான். அதற்கும் பிறகு என்றால் வந்த மதிப்பெண் வந்ததுதான்.

எஃப்-1 மாணவர் விடும்போது மொத்தம் 12 யூனிட்டுக்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். போகிறது என்றால் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட்டுத்தான் விட வேண்டும். பாடத்தை விட்டுவிட்டு அப்புறம் போய்ச் சொன்னால் விசா நிலையே ஆட்டம் காணும்.